ஷோகேஸில் ஒரு வேலி

நாவலூரில் நண்பன் தன் அலமாரியைத் திறந்ததும் அடித்த பாச்சை உருண்டை நெடியில், இப்போது அபார்ட்மென்ட்டாகிவிட்ட செம்பாக்கத்துப் பெரியப்பா வீட்டு ஹால் ஞாபகம் வந்தது. வெளிநாட்டு உலகக் கண்காட்சிகளில் விற்ற பழைய ஸ்பூன், பேட்ஜ், போஸ்ட்கார்டு என்று ஷோகேஸ் முழுக்கச் சேர்த்திருந்தார். எச்சில் தொட்டு பேட்ஜைத் துடைத்து, அதே விரலால் என் கன்னத்தைக் கிள்ளுவார். வந்தவர்கள் அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பெரியம்மா காபி கொடுக்கலாம்.

ஒரு கார்டில், நம் நிறத்து மனிதர்களை வேலிக்குள் காட்சிக்கு உட்கார வைத்திருந்தார்கள். வெளியே தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள்.

"என்னா கூட்டம் பாருங்க சார்" என்று, தானும் அங்கே நின்றவர் மாதிரி, தொப்பிகளையே தொட்டுக் காட்டுவார். காபித் தட்டோடு காத்து நிற்கும் பெரியம்மாவின் ஜாடையிலேயே ஒருத்தி வேலிக்குள் உட்கார்ந்திருந்தாள்.