சிமெண்ட் மூட்டைக் காவல்

மழை மதியத்துக்கு மேல்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்றரைக்கே கொட்டத் தொடங்கியது. அடித்தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் போட்டது போட்டபடி ஓடி ஒதுங்கினார்கள். மழைக்குள் இறங்கி ஓடியவள் ஒருத்திதான். அவளைச் சல்லடை அக்கா என்பார்கள்.

பதினான்கு வருஷம் சித்தாளாக மண்ணும் கலவையும் சுமந்தவள். முழங்கால் தேய்ந்த பிறகு அவளை வீட்டுக்கு அனுப்பாமல் வடிகால் காவலுக்குப் போட்டார்கள். போன வருஷம் கட்டடத்து மண் தெருவோர மழைநீர் வடிகாலில் இறங்கி, அதிகாரிகள் வந்து ஒரு வாரம் வேலையையே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து மண் குவியலுக்குத் தார்ப்பாய் போடுவது, கலவை இயந்திரம் கழுவிய தண்ணீரைத் தனிக்குழியில் விடுவது, வடிகால் வாயைச் சுற்றி மூட்டை அடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. யாராவது வடிகாலோரம் கலவை பூசும் கரணையைக் கழுவினால் போதும், "உங்க வீட்டுக் குடத்துக்குள்ள கழுவுவியா?" என்று முன்னால் வந்து நிற்பாள்.

அவளுக்கு அதில் சொந்தக் காரணமும் உண்டு. அந்த வடிகால் கால்மணி நேர நடைத் தூரத்தில் அவள் தங்கையின் மீன் குட்டையைத் தொட்டுக்கொண்டு போகிறது. தங்கை குஞ்சு விட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது. குட்டையிலோ முழங்கால் தண்ணீர். முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடலாமா என்று காலையில் போனில் கேட்டாள்.

"தாராளமா மதகைத் திறந்து வை. நான்தான் இங்க இருக்கேனே" என்று சொல்லியிருந்தாள் அக்கா.

வடிகால் வாய்க்கு வந்து குனிந்து பார்த்தாள். மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் செம்மண் தண்ணீர் தேங்கி நின்றது. அது சரி, அப்படித்தான் நிற்க வேண்டும். ஆனால் மூட்டைகளைத் தாண்டி உள்ளே இறங்கிய தண்ணீர் அரிசி களைந்தது போல வெள்ளையாக இருந்தது.

கழுவுகுழிதான் நிரம்பி வழிகிறது என்று நினைத்து நொண்டிக்கொண்டே அங்கே ஓடினாள். குழியில் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. திரும்பி ஓடிவந்து மூட்டை ஒன்றைக் கையால் அழுத்தினாள். விரல்களுக்கிடையில் வெள்ளையாகப் பிதுங்கியது.

அப்போதுதான் உறைத்தது. கேட்டிருந்த சணல் சாக்கு நேற்றுச் சாயங்காலம் வரை வரவில்லை. மழை வருகிறதே என்ற அவசரத்தில், குவிந்து கிடந்த காலி சிமெண்ட் பைகளில் மணலை அள்ளி அடுக்கச் சொன்னவள் அவளேதான். நாற்பது பை. உதறாத பை ஒவ்வொன்றிலும் மடிப்புக்கு மடிப்பு சிமெண்ட் தூள்.

"அட, வேலியே பயிரை மேய்ஞ்சுடுச்சே!" என்றார் அடித்தளத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புக்காரர், பின்னால் வந்து நின்று.

அவள் இடுப்பிலிருந்த போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை, "நல்லா வருதுக்கா தண்ணி!" என்று சிரிப்போடு குரல் வந்தது.

"மூடுடி! மதகை மூடு, இப்பவே! சிமெண்ட் தண்ணி வருது."

"என்ன சொல்ற? நீதானே திறக்கச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன். தப்பு பண்ணினதும் நான்தான். முதல்ல பலகையை இறக்கு, அப்புறம் திட்டு."

அதற்குள் இன்ஜினியர் குடையோடு வந்துவிட்டார். மூட்டைகளை எடுத்துவிட்டு வடிகால் வாயைத் தார்ப்பாய் போட்டு அடைக்க வேண்டும் என்றாள் அக்கா.

"அடைச்சா தண்ணி எல்லாம் அடித்தளத்துக்குத்தான் வரும். விளையாடறீங்களாக்கா?"

"லிஃப்டுக்குத் தோண்டின குழி சும்மாதானே சார் இருக்கு? பம்பு வச்சு அதுல இறக்கிடலாம்."

"நாளைக்கு அங்க கம்பி கட்டணும். ஏன் கட்டலைன்னு மேல கேட்டா நான் யாரைக் காட்டறது?"

"என்னைக் காட்டுங்க சார். சிமெண்ட் பையில மணல் ரொப்பச் சொன்னதும் நான்தான்னு சேர்த்தே சொல்லிடுங்க."

இன்ஜினியர் வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு பம்புக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"காலையிலருந்து சும்மா உட்கார்ந்திருந்தேனே, கண்ணு பட்டுடுச்சு" என்று முனகிக்கொண்டே அவர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார். சல்லடை அக்கா முழங்காலைத் தரையில் ஊன்றி, ஊறிக் கனத்த பைகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளினாள். தார்ப்பாயை விரித்து, அதன் ஓரங்களில் ஜல்லியைக் கொட்டினார்கள். பம்பு இருமி இருமி ஓடத் தொடங்கியது.

போன் அடித்தது.

"மூடிட்டேன். ஆனா கொஞ்சம் உள்ள வந்துடுச்சுக்கா. மதகோரமா குஞ்சு செத்து மிதக்குது." தங்கையின் குரலில் சிரிப்பு இல்லை.

"மத்த பக்கம்?"

"அந்தக் கரையில துள்ளுது. இருக்கிற தண்ணி பத்தாதுக்கா. மழையும் விட்டுடுச்சுன்னா என் பாடு அவ்வளவுதான்."

"லைன்லயே இரு."

தெருவின் மேல்பக்கத்து மழைத் தண்ணீர் வடிகாலைக் கழுவிக்கொண்டு போனது. கட்டடத்தைத் தாண்டியிருந்த வடிகாலின் அடுத்த மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, தண்ணீரில் காரம் பார்க்கத் தன்னிடம் கொடுத்திருந்த சோதனைத் தாள் ஒன்றை நனைத்தாள். கருநீலம். காரம் இன்னும் போகவில்லை. காத்திருந்தாள். மறுபடியும் நீலம். மழை மெலிந்துகொண்டே வந்தது. தங்கையின் மூச்சு காதில் கேட்டது. ஐந்தாவது தாள் பச்சையாக மாறியது. காரம் போய்விட்டது.

"இப்ப திற."

"காலையிலயும் இப்படித்தான் சொன்ன."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட என்ன இருக்கிறது? இன்னொரு தாளைக் கிழித்து, வேறு ஓரமாகக் கையை விட்டு நனைத்து, நூறு எண்ணும்வரை பார்த்தாள்.

"பச்சைதான். ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

போனுக்குள் ஈர மதகுப் பலகை கல்லில் உரசி மேலே ஏறும் ஓசை கேட்டது.