வெள்ளியோடு எடை பார்த்த குழந்தை

தூத்துக்குடியில் ஒரு குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் பதினாறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். டோக்கன் கூப்பிடுவது, காய்ச்சல் பார்ப்பது, எடை பார்த்து அட்டையில் எழுதுவது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்த வெயிலில் ஸ்வெட்டரும் தொப்பியுமாகப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு வரும் தாய்மாரிடம், ஊட்டியிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். எல்லாவற்றையும் உருவிவிட்டுத்தான் மிஷினில் போடவேண்டும் என்பதில் கறாராக இருப்பேன்.

அப்படிப்பட்ட நான் ஒருநாள் சும்மா இருந்துவிட்டேன்.

அவள் மாப்பிள்ளையூரணியிலிருந்து வருகிறவள். தலைப்பிரசவம். பிள்ளைக்கு இரண்டரை மாதம். முந்தின வாரம்தான் தடுப்பூசிக்குக் கொண்டுவந்திருந்தாள். நாலு கிலோ அறுநூறு என்று எழுதியிருந்தேன். அன்று மாலை வயிற்றுப்போக்கு என்று வந்தாள். காலையிலிருந்து பத்து தடவை போய்விட்டதாம், பாலும் சரியாகக் குடிக்கவில்லையாம். ஹாலில் உட்கார இடமில்லாத கூட்டம்.

பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள். உள்ளே ஒரே வெள்ளி. இடுப்பில் தொங்கல் வைத்த கெட்டி அரைஞாண், கையில் காப்பு, காலில் தண்டை. கழற்றச் சொன்னபடியே அரைஞாண் கொக்கியில் கை வைத்தேன்.

“வேண்டாம்க்கா. எங்க அண்ணன் நேத்துதான் குலசாமி கோயில்ல வச்சுப் போட்டது. நாப்பது நாளைக்குக் கழட்டப்பிடாது” என்றாள்.

வேறு யாராவது என்றால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கூட்டத்தைக் காரணமாகச் சொல்லலாம்; அது முழு உண்மை இல்லை. என் மகனுக்குப் போட்ட அரைஞாணை நானும் யாரையும் தொடவிட்டதில்லை. சாமி காரியம், போகட்டும் என்று அப்படியே மிஷினில் போட்டேன். தண்டை தட்டில் பட்டுச் சலசலத்தது. நாலு கிலோ அறுநூறு.

வயிற்றுப்போக்கில் சின்னப் பிள்ளையின் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்பதை எடை காட்டிக்கொடுத்துவிடும். டாக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அட்டையில் போன வார எடையையும் அன்றைய எடையையும் பார்த்தார்.

“எடை இறங்கலையே சிஸ்டர். சரியாத்தான பாத்தீங்க?”

“சரியாத்தான் பாத்தேன் சார்” என்றேன்.

வெள்ளி அவர் கண்ணிலும் பட்டிருக்கும். ஆனால் கழற்றாமல் நான் எடை பார்க்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். உப்பு சர்க்கரைப் பவுடர் எழுதிக் கொடுத்து, பாலை நிறுத்தாமல் கொடுக்கச் சொல்லி, காலையில் வரச் சொன்னார்.

காலையில் அவள் வரவில்லை. குணமாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்து மருந்துக்கடை அண்ணாச்சி சொன்னார். அந்தப் பிள்ளை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டதாம். கேட்டுவிட்டு உள்ளே வந்து அடுத்த பிள்ளையை மிஷினில் போட்டேன். அதன் காலிலும் தண்டை. அது தட்டில் பட்டுச் சலசலத்தபோதுதான் எனக்கு உறைத்தது. தடுப்பூசி போட்ட அன்று அந்தப் பிள்ளையிடம் இந்தச் சத்தம் இல்லை.

மறுநாள் என் மகனின் பழைய அரைஞாணையும் காப்பையும் தண்டையையும் பொட்டலமாகக் கொண்டுபோய், யாரும் வருமுன் மிஷினில் வைத்தேன். நூற்றெண்பது கிராம் காட்டியது. அந்தப் பிள்ளையின் வெள்ளி இதைவிடக் கெட்டி.

டாக்டரிடம் சொல்லவில்லை. ஊரையே ஏசுகிற வாய் அதற்கு மட்டும் வரவில்லை. காலையில் கிளினிக்கைத் திறந்து எடைத்தட்டைத் துடைக்கும்போது, ஆளில்லாத அறையில் தண்டை சலசலக்கும். ஃபேனை நிறுத்திப் பார்த்திருக்கிறேன், ஜன்னலைச் சாத்திப் பார்த்திருக்கிறேன். கேட்கத்தான் செய்கிறது. இப்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நாலு வருடம் கழித்து, போன மாதம், அவள் வந்தாள். கையில் இன்னொரு பிள்ளை. தடுப்பூசிக்கு. என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நான் சொல்வதற்குள் துணியையெல்லாம் உருவிவிட்டாள். பிள்ளையின் மேல் குந்துமணி வெள்ளி இல்லை. இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு மட்டும். அதன் முடிச்சையும் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

அது வெறும் கயிறுதானே, இருக்கட்டும் என்றேன். அவள் நிமிரவில்லை.

“இல்லக்கா, கழட்டிருதேன். அன்னைக்கு நீங்க கழட்டச் சொன்னீங்க. நான்தான் கேக்கல” என்றாள். பிள்ளையை வாங்கி மிஷினில் போட்டேன்.

நாலு வருடமாக இவள் அதைத் தன் பழியாகச் சுமந்திருக்கிறாள். தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து டாக்டர் எடை எவ்வளவு என்று கேட்டார்.

“அஞ்சு கிலோ முந்நூறு, சார்” என்றேன்.

சரியாகத்தான் பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை.