வேப்பிலை கட்டிய வீட்டில் மீன் எண்ணெய்

பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்த வருஷம், நான் காலேஜில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டு எல்லையிலிருக்கும் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவின் மகளுக்குத் தட்டம்மை இறங்கியும் இருமல் விடவில்லை. பொழுது சாய்ந்தால் கண்ணும் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த சுறாமீன் எண்ணெய்ப் புட்டியோடு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது.

"புள்ளைக்குத் தலைக்கு மூணு தண்ணி ஊத்தி முடியற வரைக்கும் ஊட்டுக்குள்ள கவிச்சி ஆகாது தம்பி. ஆத்தா கோவிச்சுக்குவா," என்றாள் அக்கா.

"இதுல வைட்டமின் ஏ இருக்குதுங்கக்கா. கண்ணுக்கு மட்டுமில்ல, நோயை எதுத்து நிக்கற தெம்புக்கும் இது வேணும். தள்ளிப்போட்டா கண்ணு போயிரும்."

நான் இன்னும் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் புட்டியை வாங்கிக்கொண்டு வேப்பிலை முன்னால் போய் நின்றாள். "குத்தம்னா எனக்கு வையி, ஆத்தா," என்று முதல் கரண்டியைத் தானே விழுங்கினாள். அடுத்ததை மகளுக்கு ஊட்டினாள்.

"மாமனுக்கும் ஒண்ணு குடும்மா," என்று முகத்தைச் சுளித்தாள் சின்னவள்.

சில நாளில் சின்னவளுக்குப் பார்வை திரும்பிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் வைட்டமின் புராணம்தான். சாமி குற்றம் வந்துவிடுமோ என்று அக்கா அதன்பின் எத்தனை நாள் பயந்துகொண்டே இருந்தாளோ, அதை மட்டும் நான் கேட்கவேயில்லை.