மதிப்பெண் இல்லாத அட்டைகள்

கலீல் சார் இறந்துவிட்டார் என்ற தந்தி, சென்னையில் என் அலுவலக மேசைக்கு முற்பகலில் வந்தது. அனுப்பியவர் அவருடைய தம்பி ஜப்பார். கிடைத்த பேருந்தைப் பிடித்துத் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஜப்பார் எழுந்து வந்தார்.

"அசர் தொழுகைக்கே எடுத்துட்டோம் சார். உங்களுக்காகக் கொஞ்ச நேரம் பாத்தோம். மய்யித்தை வீட்டுல ஜாஸ்தி நேரம் வெச்சிருக்கக் கூடாதுங்க."

முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பேன் என்றும் தெரியவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள், மூன்றே வாரம் என்றார்கள். அவருக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை.

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். கெட்டிக்காரர், பொறுமைசாலி, யார் மனதும் நோகப் பேசாதவர் என்று எழுதி முடித்துவிடலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவருக்கு நான் செய்ததை விட்டுவிட்டு எழுதினால் அது அஞ்சலி ஆகாது, இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும்.

புள்ளியியல் நடத்தியதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சராசரி சார்'. அவருக்கும் அது தெரியும். ஓர் ஆண்டு விழாவில் மேடையேறி, "நான் சராசரின்னா உங்கள்ல பாதிப் பேராவது எனக்கு மேல இருக்கணுமே. ஒருத்தரையும் காணோம்" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. சராசரிக்கு மேலே பாதிப் பேர் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதை மறுநாள் வகுப்பில் அவரே சொல்லித் திருத்தினாராம். நகைச்சுவையில் நுழைந்த பிழையைக்கூடத் திருத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த நாளில் கல்லூரியில் இருந்தது கையால் கைப்பிடி சுற்றும் ஒரே ஒரு கணக்கு இயந்திரம். கலீல் சார் ஒவ்வொரு கூட்டலையும் மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை போடுவார். அதற்கும் முன்னால் வரைபடத் தாளில், ஆய்வில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளின் நடுவே கோடு போட்டு முடிவைப் பார்க்கும் அவசரத்தில் எனக்குப் பொறுமை போய்விடும். "கோடு எங்கயும் ஓடிடாது சார். மொதல்ல புள்ளிங்களப் பாருங்க" என்பார்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு வேலை எங்களிடம் வந்தது. பள்ளியிலிருந்து தள்ளியிருந்த சில குடியிருப்புகள் தங்களுக்கென ஓராசிரியர் பள்ளி கேட்டு மனுக் கொடுத்திருந்தன. தூரம் உண்மையிலேயே படிப்பைக் கெடுக்கிறதா என்று ஆராய்ந்து சொல்லும்படி மேலிடத்தில் கேட்டார்கள். என் முனைவர் பட்டத்துக்கும் அதையே பொருளாக எடுத்துக்கொண்டேன். ரிக்ரஷன் என்று நாங்கள் சொல்லும் தொடர்புப் போக்குக் கணக்கு அதற்குத் தோதானது. தகப்பன் படிப்பு, நிலபுலன் ஆகியவற்றின் பங்கைப் பிரித்து வைத்துவிட்டு, தூரம் கூடக்கூட மதிப்பெண் எவ்வளவு குறைகிறது என்று அது சொல்லும். கணக்குக்கு அவர், எழுத்துக்கு நான் என்று பிரித்துக்கொண்டோம்.

ஆடி மாதத்தில் இருவரும் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைக்கு ஓர் அட்டை எழுதினோம். பெயர், வயது, பள்ளிக்கு எவ்வளவு தூரம், அப்பா படித்தவரா, நிலம் உண்டா. கடைசிக் கட்டம் மதிப்பெண்ணுக்கு. ஐப்பசியில் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில் தேர்வு வைத்தோம். தேதி குறித்தவன் நான். பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய அவசரம் எனக்கு.

ஐப்பசி, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் காலம். கலீல் சார் டவுனில் குடை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், அவருக்குத் தெரிய நியாயமில்லை. நான் மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவன். சின்ன வயதில் நானே அந்த மாதத்தில் பள்ளிக்கு மட்டம் போட்டிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

தேர்வுக்கு வராத பிள்ளைகளின் அட்டைகளில் மதிப்பெண் கட்டம் காலி. காலிக் கட்டத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது, ஒதுக்கிவிட வேண்டும் என்பதுதான் நாங்கள் படித்த முறை. ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒதுக்கினோம். எத்தனை அட்டை ஒதுக்கினோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். எந்த ஊர்ப் பிள்ளைகளை ஒதுக்கினோம் என்று எழுதவில்லை.

விடை வந்தது. தூரத்தால் மதிப்பெண் குறையவில்லை. கோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தது. எல்லோரும் நம்புவதற்கு நேர்மாறான முடிவு என்றால் ஆய்வு செய்பவனுக்குக் கொண்டாட்டம்தானே, நான் துள்ளினேன். அவர் வரைபடத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூரத்துப் புள்ளைங்க ரொம்பக் கம்மியா இருக்காங்க சார். இருக்கற ஒண்ணு ரெண்டும் உச்சியில இருக்குது. இந்தப் பொண்ணப் பாருங்க, மனுக் குடுத்த கல்லேரிமேட்டுலருந்து வருது. மொத்தத்துலயே மொத மார்க்கு."

"நல்லதுதானே சார். தூரம் தடையில்லைன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டாளே" என்றேன்.

அவர் வரைபடத் தாளைச் சுருட்டி வைத்தார். அறிக்கையில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். எந்தக் குடியிருப்புக்கும் பள்ளி தரத் தேவையில்லை என்று அடுத்த ஆண்டு முடிவானது. எங்கள் அறிக்கையைத்தான் காரணம் காட்டியிருந்தார்கள்.

செய்தி கேட்ட வாரமே கலீல் சார் தனியாகக் கல்லேரிமேட்டுக்கு சைக்கிளை மிதித்தார். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து என்னிடம் சொன்னார். அந்த முதல் மார்க்குப் பெண் பச்சையம்மாளின் அம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டு கேட்டாளாம்: "பரிச்ச அன்னிக்கு எங்க புள்ளைங்க எல்லாம் மல்லாட்ட புடுங்கிட்டு இருந்தாங்க. எம் பொண்ணு மட்டும் அழுது அடம் புடிச்சு வந்துச்சு. அந்த ஒண்ண வெச்சா சாமி எங்க ஊரையே எட போட்டீங்க?"

பச்சையம்மாளும் அதற்குள் பள்ளியை விட்டு நின்றுவிட்டிருந்தாள். பள்ளி வராது என்று தெரிந்ததும் மற்ற பிள்ளைகளை ஆடு மேய்க்கவும் கல் உடைக்கவும் அனுப்பிவிட்டார்கள். துணைக்கு ஆள் இல்லை. "ஒண்டியா எப்டிங்க அவ்ளோ தூரம் அனுப்பறது?" என்றாளாம் அந்த அம்மா.

ஒரு வாரம் கழித்துத் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். ஒதுக்கிய அட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தார். தூரம் கூடக்கூட ஒதுக்கிய அட்டைகள் கூடிக்கொண்டே போயின. பக்கத்துப் பிள்ளைகள் தேர்வை எழுதிவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குத் திரும்பியிருந்தார்கள், தூரத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு ஒரு நாள் வேலையே போய்விடும். தூரம் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, பிள்ளையையே தேர்வுக்கு வராமல் செய்திருந்தது. எங்கள் முடிவு தவறு, மனுக்களை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று கடிதம் முடிந்திருந்தது. அடியில் அவர் கையெழுத்து இருந்தது, பக்கத்தில் என் பெயருக்கு மேல் இடம் விட்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் எனக்கு வாய்மொழித் தேர்வு. அந்த முடிவு போனால் என் ஏட்டில் மிச்சம் ஒன்றுமில்லை.

"பட்டம் கையில வரட்டும் சார். அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"தப்பு ரெண்டு பேருமா செஞ்சோம். திருத்தறதும் ரெண்டு பேருமா இருந்தாத்தான் கேப்பாங்க சார்."

"எல்லா ஆய்விலயும் கொஞ்சம் கார்டு விட்டுப்போறது சகஜம்தானே?"

அவர், "கார்டு விட்டுப்போகல சார். நாமதான் டப்பாவுல போட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

தனியாகவே மேலிடத்துக்கு அனுப்பிப் பார்த்தார். அறிக்கையில் கையெழுத்திட்ட இருவர் சம்மதமும் இல்லாமல் ஏற்க இயலாது என்று திரும்பி வந்தது. எனக்குப் பட்டம் கிடைத்தது, பதவி உயர்வு கிடைத்தது, சென்னை கிடைத்தது. கலீல் சார் தம் பட்டத்துக்குப் பதிவே செய்துகொள்ளவில்லை. சோம்பேறித்தனம் என்று சிலர் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தை இன்று சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில் மாலை போட்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு தீபத்துக்கு ஊர் வரும்போதெல்லாம் பார்ப்போம், டீ குடிப்போம். ஒருமுறை துணிந்து கேட்டேன்: "அதை மறந்துட்டீங்களா சார்?" அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் மறந்துட்டா அந்தக் கார்டுங்களுக்கு வேற யாரு சார் இருக்காங்க?" கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை நான் கிளம்பும்போது ஜப்பார் அந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணன் படுக்கையில சொன்னாருங்க, இது உங்ககிட்ட இருக்கணும்னு. அவ்ளோதான் சொன்னாரு."

அட்டைகள் மங்கியிருந்தன, ரப்பர் பேண்டு புதிது. ஒவ்வொன்றின் பின்புறமும் அவருடைய பொடி எழுத்து. ஆடிதோறும் கல்லேரிமேட்டுக்கும் மற்ற ஊர்களுக்கும் போய், தேர்வுக்கு வராத பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று எழுதிவந்திருக்கிறார். கல் உடைக்கிறான். பெங்களூரில் கட்டட வேலை. கல்யாணமாகிவிட்டது. ஒன்றில் 'இறந்துவிட்டான், பாம்பு' என்று மட்டும் இருந்தது. பச்சையம்மாளின் அட்டையும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. மதிப்பெண் கட்டத்தில் அந்த முதல் மார்க் அப்படியே இருக்க, மதிப்பெண் இல்லாதவர்களோடு அவளையும் சேர்த்திருந்தார். அடியில் அந்தக் கடிதத்தின் நகல்.

பேருந்துக்குப் போகாமல் கல்லேரிமேட்டுக்குப் போனேன். இடுப்பில் பெண் குழந்தையோடு வந்த பச்சையம்மாள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த டப்பாவைத்தான் பார்த்தாள்.

"கலீல் சார் வரலீங்களா?"

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, "போன ஆடிக்கு எம் பொண்ணுக்கும் கார்டு எழுதுனாருங்க. பாருங்க, உள்ள இருக்கும்" என்றாள்.

இருந்தது. கட்டின் கடைசியில், வெள்ளை மாறாத ஒரே அட்டை.

என் ஆய்வேட்டை மேற்கோள் காட்டியவர்கள் உங்களில் உண்டு. தூரம் தடையல்ல என்று அதில் எழுதியிருப்பது தவறு. அதைக் கண்டுபிடித்தவர் கலீல் ரஹ்மான். மறைத்தவன் நான். அவர் விட்டுவைத்த இடத்தில் கையெழுத்திட்டுக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். இதுவரை பதில் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த டப்பா. வரும் ஆடிக்கு இதை எடுத்துக்கொண்டு நான் போக வேண்டும். கடைசி அட்டையில் குழந்தையின் பெயர் இருக்கிறது, வயது இரண்டு என்று இருக்கிறது. பள்ளிக்குத் தூரம் என்ற கட்டத்தில், அவள் அம்மாவின் அட்டையில் இருந்த அதே தூரத்தை எழுதியிருக்கிறார்.