அக்காவும் அவர் சண்டை போட்ட சாமியும்

எங்கள் அக்கா இல்லாமல் நாங்கள் கடந்து வந்த முதல் ஆண்டு இன்றோடு முடிகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைப் பிள்ளைகள் இருவரும் சித்தியான என்னிடம் கொடுத்தார்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறும் நம் வீட்டு இளையவர்களுக்குப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்துச் சொல்ல வேண்டுகிறேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது.

அக்கா மும்பை தாராவியில் பிறந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த எங்கள் அப்பாவுக்கு அவர் மூத்த மகள், நான் கடைசி. ஆறு பேர் இருந்த அந்த ஒற்றை அறையில் ஏழாவதாக ஒரு சாமியும் இருந்தது. ஊர்க் கோயிலில் பிடித்து வந்த மண்ணை ஒரு சிறிய சட்டியில் இட்டு, சுவர் மாடத்தில் வைத்திருந்தார் அப்பா. காவல் தெய்வம். ஆண்டுக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டும். அந்தச் சாமியிடம் அப்பாவுக்கு அன்பைவிடப் பயம்தான் அதிகம்.

ஓராண்டு சேவல் தள்ளிப்போனது. அந்த வாரமே கைக்குழந்தையான எனக்குக் கடுங்காய்ச்சல். சாமி கோபித்துக்கொண்டது என்று அப்பா கலங்கி நின்றாராம். பன்னிரண்டு வயது அக்கா குறுக்கே வந்திருக்கிறார்.

“கோழி வேணும்னா அவரு கோழியை எடுத்துக்கிட வேண்டியதுதான? பச்சப் பிள்ளைக்கு ஏம்ப்பா காய்ச்சலைக் குடுக்காரு?”

அப்பா அடிக்கக் கை ஓங்கினார். அடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டதால் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார் என்று அம்மா சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சேவல் வந்தது. குழம்பில் பெரிய துண்டு அக்காவுக்குத்தான் போனது.

முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு நர்ஸ் பயிற்சி முடித்து, அக்கா அரசு மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அத்தான் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்தார். சுனாபட்டியில் குடித்தனம். அக்காவின் சாமி அப்பாவின் சாமி அல்ல, அழகான முருகன். அவரிடம் பயமில்லை, பேரம்தான். பரீட்சைக்கு ஒரு தேங்காய், பிரசவத்துக்கு ஒரு மொட்டை. “அப்பா சாமிக்குப் பயந்தாவ, நான் சாமிக்கு லஞ்சம் குடுத்தேன்” என்று பிற்காலத்தில் அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

அத்தானுக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்த பிறகு, அக்கா செவ்வாய்க்கிழமை தவறாமல் செம்பூர் முருகன் கோயில் படிகளை வெறுங்காலோடு ஏறினார். ஓராண்டு ஏறினார். ஒரு காலை வேளையில் வேலைக்குக் கிளம்பிய அத்தான் ரயில்வே பிளாட்பாரத்தில் சாய்ந்தார், எழவில்லை. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். “நீ அந்தப் பக்கம் இரு, நான் இந்தப் பக்கம் இருக்கேன்” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் அந்த வீட்டில் விளக்கேற்றவில்லை. “வீடு இருட்டாக் கெடக்கே” என்று அம்மா அழுதால், “டியூப்லைட் எரியுதே, தெரியலியா?” என்பார். நாங்கள் சிரித்துவிடுவோம். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவர் கூடுதல் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்த ஆறு ஆண்டை முடித்துவைத்தவர் ஒரு நோயாளி. தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த கடையநல்லூர்க்காரர். எல்லாரும் பீவியம்மா என்று கூப்பிடுவார்கள். ஆபரேஷனுக்காக ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார். அவருடைய மகள் மருந்து வாங்கப் போயிருந்தார். பக்கத்தில் நின்ற அக்காவின் கையைப் பீவியம்மா பிடித்துக்கொண்டார்.

“எனக்காக ஒரு துஆ கேளும்மா.”

“நானா? சாமிகிட்ட நான் பேசியே ஆறு வருசம் ஆச்சும்மா. கோவம்.”

“இல்லாத ஆளுகிட்ட யாராச்சும் ஆறு வருசம் கோவிச்சுக்கிட்டு இருப்பாங்களா? கேளும்மா.”

அக்கா அந்த அம்மாவின் நெற்றியில் கை வைத்து, வாய்விட்டே கேட்டிருக்கிறார்: “இவங்களை நல்லபடியா வெளிய அனுப்பு. நம்ம சண்டை தனி.”

பீவியம்மா பிழைத்தார். “பிழைக்க வெச்சது டாக்டரு. என் கை நடுங்காமப் பாத்துக்கிட்டது மட்டும் வேற ஆளு” என்றார் அக்கா. அடுத்த மாதமே வேறொரு பெரியவருக்காக அதேபோல் கேட்டார். அவர் இறந்துபோனார். இனி சாமி மறுபடி பெட்டிக்குள்தான் என்று நான் பயந்தேன்.

“கோவம் வரலியாக்கா?”

“வந்துச்சு. ஆனா ஏட்டி, அந்த மனுசன் என் கையைப் புடிச்சுக்கிட்டு அமைதியாப் போனாரு. குடுக்கிறவரு, எடுக்கிறவருன்னே இத்தன நாளும் நெனச்சிருந்தேன். கூட இருக்கிறவருன்னு இப்பத் தோணுது.”

அதன் பிறகு அக்காவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வார்டில் யார் படுத்திருந்தாலும், “உங்க சாமி எப்படி?” என்று விசாரிப்பார். விட்டலனைத் தாய் என்று அழைக்கும் மராத்திக்காரப் பெண், கடவுள் என்று ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டு மாலையானால் கண்மூடிக் கைகூப்பும் பௌத்தர், எல்லாரிடமும் கேட்டார். மாட்டுங்கா நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகங்கள் தேடி வாங்கிப் படித்தார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“மனுசன் மொதல்ல இடிக்கும் மின்னலுக்கும் பயந்து கும்புட்டிருக்கான். பொறவு மழை குடு, சோறு குடுன்னு படையல் போட்டான். ராஜா வந்ததும் சாமிக்கும் கிரீடம் வெச்சான். கடைசியில ஒருத்தன் தன் நெஞ்சைத் தொட்டு, இங்க இருக்காரான்னு பாத்திருக்கான். ஏட்டி, இதெல்லாம் நம்ம குடும்பத்துக்குள்ளயே நடந்துட்டே!”

என் கணவர் விடுவாரா? அவர் பகுத்தறிவுக் கட்சி. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “சாமியை உண்டாக்கினதே மனுசன்தான், மதினி.”

“ஆமா தம்பி, இட்லியையும் மனுசன்தான் உண்டாக்கினான். அதுக்காகப் பசி பொய்யாயிருமா?”

என் கணவர் இன்னும் இரண்டு இட்லி போட்டுக்கொண்டார்.

கடைசி நான்கு மாதங்கள் அக்கா தேவ்நாரில் மகன் வீட்டில் இருந்தார். ஈரல் நோய். பிழைப்பது கடினம் என்று அவருக்கு எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒருநாள் அடுத்த அறையில் பிள்ளைகளுக்குள் வாக்குவாதம். சடங்கு எதுவும் வேண்டாம் என்றார் மகன்: “சோடோ நா, விட்டுரு, எனக்கு இதுல நம்பிக்கையே கிடையாது.” எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று மகள் அழுதார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

“நான் இன்னும் போகல. ரெண்டு பேரும் இங்க வாங்க.”

இருவரையும் கட்டிலில் உட்காரவைத்தார். “எனக்குன்னு எதுவும் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அழறதுக்கு எது தோதோ, அதைச் செய்ங்க.”

அக்கா போனதும் அப்படியே செய்தோம். மகள் பதிகம் பாடினார். மந்திரம் சொல்லாத மகன், தங்கையின் தோளைப் பிடித்தபடி கடைசி வரை அருகில் நின்றார். பீவியம்மாவின் மகள் கையேந்தி துஆ கேட்டார். என் கணவர் தலை குனிந்து நின்றார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அவரோடு வேலை பார்த்த நர்ஸ் சகோதரிகளுக்கும், சுனாபட்டி, தேவ்நார் அண்டை வீட்டாருக்கும், அத்தான் போன பிறகும் உறவை விடாத அம்பர்நாத் நண்பர்களுக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய பீவியம்மா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. ஒருவர் பெயரும் தனியாகப் போடவில்லை. யாராவது விட்டுப்போனால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார்.

கடைசியாக ஒன்று. போவதற்கு முந்தைய நாள் காலையில் அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“பயமில்லட்டி. அங்க போனா அவரை என்னன்னு கூப்புடுறதுன்னுதான் யோசிக்கேன். ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லுதாங்க.”

“அண்ணாச்சின்னு கூப்புடுக்கா. நம்ம ஊர்க்காரரா இருந்தா திரும்பிப் பாப்பாரு” என்றேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. என்னவோ ஏதோவென்று மகனும் மகளும் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார்கள்.