அளவு வரும்வரை

மதுரை ஆஸ்பத்திரியில் அந்த இளம் பெண் மருத்துவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிய கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சாம்பல் நிற ரத்தக்குழாய் ஒன்று வளைந்து வளைந்து மேலேறியது. அதன் ஒரு வளைவில் சிறு புடைப்பு. என் அக்காவின் கணவருடைய தலைக்குள் இருப்பது அது. அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உற்றுப் பார்த்தார். "பூ உதிர்ந்த பிஞ்சு மாதிரில்லா இருக்கு" என்றார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் இருபது வருஷமாக ஏலம் கூறுகிறவர் அவர். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் தோப்பு பார்க்கப் போனபோது பைக் சறுக்கி விழுந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தலையும் தரையில் பட்டதே என்று எடுத்த ஸ்கேனில்தான் புடைப்பு தெரிந்தது. ரத்தக்குழாய்ச் சுவர் மெலிந்து ஊதியிருக்கிறது, வெடித்தால் பிழைப்பது கடினம் என்றார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்பின் வாய்க்குக் குறுக்கே வலை போன்ற ஸ்டென்ட் ஒன்றை விரித்துவிட்டால் ரத்தம் அதற்குள் பாயாமல் நேராகப் போய்விடுமாம். மறுநாள் காலையில் செய்வதாக ஏற்பாடு. பெரிய மருத்துவர் படத்தை அளந்து, ஸ்டென்ட்டையும் எடுத்து வைத்திருந்தார்.

அந்த ஸ்டென்ட்டைத்தான் இளம் மருத்துவர் கணினியில் அத்தானின் ரத்தக்குழாய்க்குள் விரித்துக் காட்டினார். வளைவில் வலை அகன்றது. அகல அகல நீளம் குறைந்தது. கடைசியில் அதன் நுனி புடைப்பின் வாய் விளிம்பிலேயே வந்து நின்றது.

"கொஞ்சம் நகர்ந்தாலும் உள்ள சரிஞ்சிரும் சார்" என்றார். அடுத்து, நீளம் கூடிய வேறொன்றை விரித்தார். அது வாயைத் தாண்டிப் போய் நன்றாகப் பதிந்தது. ஆனால் அந்த அளவு கையிருப்பில் இல்லை. வெளியூரிலிருந்து வர வேண்டும். பத்து நாள் ஆகலாம்.

பெரிய மருத்துவர் வந்து பார்த்தார். "நாளைக்கே வேணும்னா இதையே வச்சு உள்ள சரி பண்ணப் பாக்கலாம். காத்திருந்தா இன்னும் நல்லா உக்காரும். ஆனா அந்தப் பத்து நாளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் உறுதி சொல்ல முடியாது. பேசிட்டு வாங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீ பிள்ளையளுக்கு சயின்ஸ் எடுக்கவன். நீ என்ன சொல்லுத?"

காத்திருப்போம் என்றேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குத் திரும்பினோம். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டிலேயே தங்கினேன். அத்தான் சத்தம் போடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மதியம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மார்க்கெட் முழுக்கக் கேட்கும் அவர் குரல் அடங்கியதும், வீடே வேறு யாருடையதோ போலாகிவிட்டது. விசில் சத்தத்துக்குப் பயந்து அக்கா குக்கரை எடுத்து வைத்துவிட்டுப் பானையில் சோறு பொங்கினாள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போன அன்று, ஒவ்வொரு வேட்டுச் சத்தத்துக்கும் அவர் முகத்தை ஓடிப்போய்ப் பார்த்தாள். பிறகு அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏலே, அவருக்கு ஏதும் ஆச்சுன்னா நான் ஒன்னத்தான் கேப்பேன்."

ஆறாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அத்தான் துப்பியது முழுக்க ரத்தம். அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். நான் கொல்லைப்புறம் போய் இளம் மருத்துவருக்குப் போன் செய்தேன். "மேடம், இருக்கதையே வச்சிருங்க. இப்பமே கூட்டிட்டு வாரேன்" என்று கெஞ்சினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: தலைவலி இருக்கிறதா, வாந்தி உண்டா, பார்வை சரியாக இருக்கிறதா? ஒன்றுமில்லை. ஸ்டென்ட்டுக்காக முன்கூட்டியே கொடுத்த, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையால் ஈறு கசிந்திருக்கிறது என்றார். அன்றே இங்குள்ள டாக்டரிடம் காட்டச் சொன்னார். இங்குள்ளவரும் அதையே சொன்னார். நான் இப்படிக் கெஞ்சியதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. காத்திருப்பதுதான் சரி என்ற கணக்கு எனக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் பயம் அதற்கு அடங்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஸ்டென்ட் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மறுநாள் மதுரையில் அத்தானை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் நானும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்த இளம் மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "திரையில பாத்த இடத்துலயே உக்காந்திருக்கு" என்றார். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் புடைப்புக்குள் ரத்த ஓட்டமே இல்லை. அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அத்தானிடம் கேட்டேன்: "அந்தப் பத்து நாளும் மதியானம் எப்படி அத்தான் அவ்ளோ நல்லாத் தூங்குனிய?"

"யாரு தூங்குனா?" என்றார். "நீ அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வாசப்படில வந்து நிப்பே. ஒன் நெழலு சுவத்துல விழும். பாவம், பயப்படுதானேன்னு மூச்சை நல்லா இழுத்து இழுத்து விடுவேன். அதுக்குப் பொறவுதான் நீ போவே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் அவர் பெரிய குரலில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.