மிஞ்சிய ஐந்து மாத்திரைகள்

சமூகப்பணியில் முதுகலை முடித்ததும் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். புதிய மருந்து ஒன்று விற்பனைக்கு வருவதற்கு முன், சம்மதம் தெரிவிக்கும் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, என்ன நன்மை செய்கிறது, என்ன தீங்கு செய்கிறது என்று பதிவுசெய்யும் ஆய்வு அது. நோயையும் மருந்தையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்து விளக்குவது, நோயாளி மாதாமாதம் திருப்பிக் கொண்டுவரும் புட்டியில் மிஞ்சிய மாத்திரைகளை எண்ணுவது, அவர் வீட்டில் குறித்துவரும் நாட்குறிப்போடு அந்த எண்ணிக்கையை ஒப்பிடுவது ஆகியவை என் பொறுப்பு.

நான் சொல்லவிருப்பவர் புதுச்சத்திரத்துக்கு அருகே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் மேற்பார்வையாளர். ஐம்பதை நெருங்கும் வயது. வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் அவருக்கு. இந்த வகையில் தினமும் ஒரு மாத்திரையோடு ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் போய்வருபவர்கள் உண்டு. அவருக்கு முதல் மருந்து சில காலத்துக்குப் பின் பலிக்காமல் போனது. இரண்டாவது மருந்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. எங்கள் ஆய்வின் மாத்திரை மூன்றாவது. அதுவும் இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பற்றித்தான் பேச வேண்டும். அதற்குப் பொருந்தக்கூடிய உடன்பிறப்பும் அவருக்கு இல்லை.

முதல் இரண்டு மாதங்களில் வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்தன. அவருடைய நாட்குறிப்பைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. பண்ணையில் ஷெட்டுக்கு ஒரு அட்டை வைத்து எழுதும் பழக்கம் கையில் ஊறியிருந்தது. மாத்திரை விழுங்கிய மணி, குடித்த தண்ணீரின் அளவு, யாரும் கேட்காத அன்றைய வெயில் வரை கட்டத்துக்குள் அடக்கி எழுதியிருப்பார்.

மூன்றாம் மாதம் மனைவியோடு முதல் பேருந்திலேயே வந்துவிட்டார். புட்டியை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் செய்தித்தாளில் மடித்த சிறு பொட்டலம் ஒன்றையும் வைத்தார்.

"இது மிஞ்சுனதுங்க அம்மிணி. அஞ்சு இருக்குது, எண்ணிக்குங்க."

"ஏனுங்கண்ணா மிஞ்சுச்சு? வாந்தி கீந்தி வந்துச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இன்னிக்கு டெஸ்ட்டு இருக்குதுல்லங்க, அதுக்குத்தான் அஞ்சு நாளா நிறுத்திப்போட்டேன்."

நான் நாட்குறிப்பைத் திறந்தேன். கடைசி ஐந்து கட்டங்களும் காலியாக இருந்தன. அவற்றின் குறுக்கே அவருடைய கையெழுத்தில் "டெஸ்ட்டுக்காக நிறுத்தம்" என்று எழுதியிருந்தது.

"டெஸ்ட்டு அன்னிக்குக் காத்தால மட்டும் மாத்திர வேண்டாமுன்னு நீங்க சொன்னீங்க. அது பத்தாதுன்னு தோணுச்சுங்க. ஒரு காத்தாலைல மருந்து எங்க போயிரும்? பண்ணையில கோழிக்குத் தண்ணியில மருந்து கலந்து உட்டமுன்னா, நிறுத்தி இத்தன நாள் ஆனாத்தான் முட்டைய வெளிய உடுவோம். அதுக்கு முன்ன லேப்புக்குக் குடுத்தா மருந்து காட்டிக் குடுத்துரும். போன மாசம் ஒரு லோடு அப்புடித்தான் திரும்பி வந்துச்சு. மருந்து இல்லாத ரத்தத்தப் பாத்தாத்தானுங்க நோயி நெசமாப் போச்சான்னு தெரியும்?"

"நான் அப்பவே கேட்டனுங்க," என்றார் அவர் மனைவி. "நீங்க என்ன முட்டையா போடப்போறீங்கன்னு. கேட்டாத்தான."

"சும்மா இரு புள்ள. உனக்கு ஷெட்டப் பத்தி என்ன தெரியும்?"

"ஷெட்டப் பத்தித் தெரியாதுங்க. உங்களப் பத்தித் தெரியும்."

அவர் செய்தது நாங்கள் கேட்டதற்கு நேர் எதிரானது. முந்தைய நாளின் மாத்திரை ஒரு முழு நாள் கழித்து ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்கவே, பரிசோதனை நாளில் ரத்தம் எடுத்த பிறகு மாத்திரை சாப்பிடச் சொல்கிறோம். மருந்து ரத்தத்தில் இருந்தாக வேண்டும். நோயின் அளவைக் காட்டும் பரிசோதனைக்கும் அதே ஊசியில்தான் ரத்தம் எடுப்போம். ஐந்து நாள் இடைவெளி விட்டால் நோய் மீண்டும் தலைதூக்க வாய்ப்புண்டு. இவை ஒருபுறம் இருக்க, ஆய்வின் விதி ஒன்றும் இருந்தது: குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாத்திரை தவறினால், அந்த நோயாளி தொடரலாமா என்பதை மருந்தை அளிக்கும் நிறுவனம் முடிவுசெய்யும். ஐந்து நாள் அந்த அளவைத் தாண்டியது.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எங்களோடு பணிபுரிந்த செவிலியரிடம் சொன்னேன். அவர் என்னைவிட மூத்தவர், இரக்கமுள்ளவர்.

"ரத்தம் இன்னும் எடுக்கலையே? ஒரு வாரம் மாத்திரை போட்டுட்டு வரச் சொல்லு. தேதிக்கு முன்னப்பின்ன வர இடம் இருக்குல்ல. புது டைரி ஒண்ணு குடுத்துடலாம். அந்த மனுஷன் பொய் சொல்றவரா இருந்தா அஞ்சையும் சாக்கடையில போட்டுட்டு வந்திருப்பாரு. நேர்மையா வந்ததுக்கா தண்டனை?"

அந்த யோசனையை உடனே தள்ளிவிட்டேன் என்று எழுதினால் அது உண்மையாகாது. மருத்துவர் வார்டு சுற்றி முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் யோசித்தேன். மறைத்தால் அவர் ஆய்வில் இருப்பார். ஒரு நாட்குறிப்பு பொய்யாகும். அந்தப் பொய்யின் மேல் ஏறி நின்று இந்த மருந்து இவ்வளவுதான் பலன் தரும், இந்த அளவில்தான் கொடுக்க வேண்டும் என்று யாரோ முடிவுசெய்வார்கள். முகம் தெரியாத ஒரு நோயாளி அந்த அளவை விழுங்குவார். ஆனால் முகம் தெரிந்த ஒருவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தராசின் இரு தட்டுகளும் எனக்குச் சமமாகத் தெரியவில்லை.

முடிவெடுக்க உதவியது ஒளிப்பதிவு. ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிவுசெய்து வைப்பது எங்கள் வழக்கம். அவருடைய பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். திரையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவான உச்சரிப்பில், "பரிசோதனை நாளன்று காலையில் ஆய்வு மருந்தை உட்கொள்ளாமல் வர வேண்டும்" என்று படிக்கிறேன். அவர் தலையாட்டுகிறார். நான் பக்கத்தைத் திருப்புகிறேன். ஏன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விட்ட காரணத்துக்குப் பதிலாக, தான் அறிந்த ஒரு காரணத்தை அவர் வைத்துக்கொண்டார். நாட்குறிப்பை மாற்றினால் அவருடைய பிழையோடு என் பிழையும் மறைந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு அந்த யோசனை எனக்கு இரக்கமாகத் தோன்றவில்லை.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவை ஒருமுறை பார்த்தார்.

"விதிமீறல் அறிக்கை எழுதணும். விளக்கம் போதவில்லைன்னு எழுதினா அது உங்க மேலேயும் வரும். என் மேலேயும் வரும், நான்தான் பொறுப்பு. சரிதானே?"

"சரிங்க டாக்டர்."

"ரத்தம் எடுத்துடுங்க. நிறுத்தினது நிறுத்தினதாகவே பதிவாகட்டும். மாத்திரை இன்னிக்கே ஆரம்பிக்கணும். பதில் வர்றவரைக்கும் நிறுத்த நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன். தொடர அனுமதி வராமலும் போகலாம் என்பதையும் சொன்னேன். அவர், "தப்பு என்னுதுதானுங்க, நீங்க எதுக்கு உங்க மேல எழுதிக்கறீங்க?" என்றார். அவர் மனைவி புதுப் புட்டியை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஆய்விலிருந்த மற்றவர்களைத் தொலைபேசியில் அழைத்து, பரிசோதனை நாளில் காலை மாத்திரை ஏன் வேண்டாம் என்கிறோம் என்று கேட்டேன். சங்ககிரியிலிருந்து வரும் லாரி ஓட்டுநர், வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதற்காக என்றார். ஒரு கல்லூரி மாணவி, ஊசி போடும்போது மயக்கம் வராமல் இருக்க என்றாள். சரியான பதிலை ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் யாரும் கூடுதலாக ஒரு நாள்கூட நிறுத்தவில்லை என்பது என் திறமையால் நடந்ததல்ல. ஒப்புதல் படிவத்தில் அந்த வரிக்குக் கீழே காரணத்தையும் சேர்க்கும்படி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினேன்.

ரத்த முடிவு முதலில் வந்தது. வெள்ளை அணுக்கள் சற்றுக் கூடியிருந்தன. மருத்துவர் அஞ்சிய அளவுக்கு இல்லை. இரண்டு வாரம் கழித்து நிறுவனத்தின் பதில் வந்தது. அவர் தொடரலாம், அந்த மாதம் அவர் ரத்தத்தில் அளந்த மருந்தின் அளவைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஊழியர்களுக்கு மறுபயிற்சி தர வேண்டும். ஊழியர் என்பது நான்தான்.

உடனே அவருக்கு அழைத்தேன். எடுத்தது அவர் மனைவி. பின்னால் கோழிகளின் இரைச்சல் கேட்டது.

"அவரு ஷெட்டுக்குள்ள இருக்கறாருங்க. என்னுங்க ஆச்சு?"

"தொடரலாமுன்னு சொல்லிட்டாங்கக்கா."

"அப்ப ஒரு நாளும் நிறுத்தக் கூடாதுங்களா?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் வேண்டாமுங்க. டெஸ்ட்டு அன்னிக்கு மட்டும், ரத்தம் எடுத்த பொறவு போட்டுக்கட்டும். மாத்திரையக் கையிலயே கொண்டு வந்துருங்க."

"சரிங்க. அன்னிக்கு மட்டும் ஏனுங்க அப்புடி?"

நான் சொன்னேன். நேற்றுப் போட்ட மாத்திரை இன்று காலை வரைக்கும் ரத்தத்தில் நிற்கிறதா என்று அளக்கிறோம், மருந்து இல்லாத ரத்தத்தை அல்ல, மருந்து இருக்கும் ரத்தத்தைத்தான் பார்க்கிறோம் என்றேன். அவர் அதைத் தன் வார்த்தைகளில் திருப்பிச் சொன்னார். ஒரு இடத்தில் தடுமாறினார். நான் மறுபடி சொன்னேன். இரண்டாம் முறை சரியாகச் சொன்னார்.

"இருங்க, இத அவருகிட்டயும் ஒருக்காச் சொல்லிருங்க. நான் சொன்னா ஷெட்டப் பத்தித் தெரியாதும்பாரு," என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஷெட்டை நோக்கி நடந்தார். இரைச்சல் நெருங்கி வந்தது. நான் காத்திருந்தேன்.